வெட்டியாகிவிட்ட களை

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் பின்சுவரில் ஒரு பொந்தும் இருந்தது. பொந்துக்குள் பூவாத்தா என்ற கொசுத்தேனீ பிள்ளைகுட்டிகளோடு குடியிருந்தாள். கொடுக்கில்லாத இனம், பாவம், யாரையும் கொட்டத் தெரியாது. பொந்துக்கு முன்னால் தும்பையும் நாயுருவியும் ஆட்டுயரத்துக்கு மண்டிக் கிடந்தன. அவளுக்குச் சோறு போட்டதும் அந்தக் களைதான், அவள் வாசலை மறைத்ததும் அதுதான்.

ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது. 'மாணவர்கள் பூச்சிகளைக் காக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆய்வு.' ஆய்வுக்கு வருகிறவர் கரடியார். தேனீயைக் காக்கக் கரடியைப் போட்டவர் எந்தப் புண்ணியவானோ!

தலைமையாசிரியர் எருமையாருக்கு ஒரு வழக்கம். முதலில் போர்டு, அப்புறம் போட்டோ, வேலை கடைசியில். புதன்கிழமை காலையிலேயே களைக்கு நடுவில் போர்டை நட்டுவிட்டார்: 'இங்கிருந்த களைகள் அகற்றப்பட்டன. தேனீக்கள் காக்கப்பட்டன.' மேய்ந்து தீர்க்க ஆடுகளை வியாழக்கிழமை வரச்சொல்லியிருந்தார். அப்புறம் அந்த இடத்தில் பிளாஸ்டிக் ரோஜா வைப்பதாகத் திட்டம்.

பூவாத்தா பதறிப் பறந்து போனாள்.

"ஐயா, அதை மேஞ்சுட்டா என் பிள்ளைங்க பட்டினிங்க. பொந்தும் வெளிய தெரிஞ்சுபோகும்."

"உன்னைக் காப்பாத்தத்தாம்மா இம்புட்டுப் பாடும். நடுவுல நீ வந்து கெடுக்காதே. குறை இருந்தா மனு கொடு."

"கொடுக்கிறேனுங்க."

"மனுவோட இருப்பிடச் சான்று வேணும். கரடியார்கிட்ட வீட்டைக் காட்டி வாங்கிட்டு வா."

பூவாத்தாவுக்கு இறக்கையே ஒட்டிக்கொண்டது.

ஐந்தாம் வகுப்புக் கீரிப்பிள்ளை சிலம்பாயி சன்னல் வழியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஆடு வர்றதுக்கு முந்தி கரடியை வரவச்சா?"

"அடி பாவி மகளே! என் குடியைக் கெடுக்கவா பாக்குறே?"

சிலம்பாயி நிற்கவில்லை. கரடியார் வீட்டுக்கே ஓடி, "போர்டே வச்சாச்சுங்கய்யா, இன்னிக்கே வாங்க" என்றாள். தேன் நினைப்பில் அவரும் அப்போதே கிளம்பிவிட்டார்.

வந்தவர் போர்டைப் படித்தார். எதிரே நிற்கும் களையைப் பார்த்தார். மறுபடி போர்டைப் படித்தார். எருமையாருக்குக் கொம்பு நுனிவரை வேர்த்துவிட்டது.

"எழுத்து நல்லா குண்டு குண்டா இருக்கு" என்று கரடியார் போர்டில் இருந்ததை அப்படியே ஆய்வேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, "சரி, தேனீ எங்கே?" என்றார். பொந்துக்குள் பூவாத்தா மூச்சை அடக்கினாள்.

"காப்பாத்திட்டோமுங்க. அதான் கண்ணுல படல" என்றாள் சிலம்பாயி.

கரடியார் பெருமூச்சு விட்டு, அதையும் எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆடுகள் வாயில் எச்சில் ஒழுக வந்து நின்றன. "மேயுங்கப்பா" என்றார் எருமையார்.

"சார், களை இல்லைன்னு கரடியாரே கையெழுத்துப் போட்டாச்சு. இன்னிக்கு ஆடு மேஞ்சா, நேத்து அவரு எழுதினது பொய்யின்னு ஆயிடுமே?" என்றாள் சிலம்பாயி.

எருமையார் வெகுநேரம் அசைபோட்டார். கடைசியில் ஆடுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார், அதுவும் பசியோடு.

இல்லாத அந்தத் தும்பை இப்போது போர்டையே மூடுகிற அளவுக்குப் பூத்துக் கிடக்கிறது.

நீதி: ஒரு செடி பிழைக்க வேண்டுமென்றால், அதை வெட்டியாயிற்று என்று பெரிய இடத்தில் கையெழுத்து வாங்கி வை.