இடையூறு இருந்தால் குறிப்பிடவும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு,

மலைமேல் ராணுவ முகாமில் காவல் நிற்கும் உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தையும் பிள்ளைகளும் சுகம்தானே? கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அம்மாவிடம் மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.

நீங்கள் கொடுத்தனுப்பிய சிற்றலை ரேடியோவால் எனக்கு வேலை போகப்போகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் உங்களை விட்டால் யாரைச் சொல்வது? ஞாயிறு மாலை அந்த வெளிநாட்டு நிலையத்தின் நேயர் கடிதம் நிகழ்ச்சி என்றால் சமையல்காரர்கூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். அதிகாரிக்குத் தனி நாற்காலி. ஒலி எப்படிக் கேட்கிறது என்று அறிக்கை எழுதினால் நிலையத்தின் படம் போட்ட அட்டை வரும் என்று சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். நானும் ஆசைப்பட்டு எழுதினேன். அறிக்கைப் படிவத்தில் கேட்கும் இடம் எது என்று இருந்தது. மலையின் பெயர், உயரம் எல்லாம் எழுதினேன். ஏரியல் எப்படி என்று இருந்தது; காவல் கோபுரத்திலிருந்து கிடங்குக் கூரை வரை கம்பி என்று படமே போட்டேன். இடையூறு இருந்தால் குறிப்பிடவும் என்று இருந்தது, மாமா. எங்கள் வயர்லெஸ்காரர் பேசும்போதெல்லாம் ரேடியோ கரகரக்கும். தேதி, மணி, நிமிடம் போட்டு இரண்டு வாரத்துக்கு அட்டவணை எழுதிவிட்டேன். கையெழுத்து முத்து முத்தாக வேறு.

அதை ரேஷன் லாரி டிரைவரிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. போன ஞாயிறு அறிவிப்பாளர் யாரோ ஒரு ஆசிரியரின் கடிதத்தை முகவரி உட்பட வரிவிடாமல் படித்தபோதுதான், என்னுடையதையும் இப்படித்தான் ஊருக்கே படிப்பார்கள் என்று எனக்கு உறைத்தது. அதிகாரி வேறு, "நம்ம ஆளுங்க யாராச்சும் எழுதினா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றார். சமையல்காரர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?" என்றார். "வயிறு சரியில்லண்ணே" என்றேன். அன்றிலிருந்து எனக்கு வெந்நீரும் ரொட்டியும்தான்.

ஏரியல் கம்பியை அறுத்துப் பார்த்தேன். "காத்துல அறுந்திருக்கும், நீயே ஏறிக் கட்டிடு" என்றார் அதிகாரி. கட்டினேன், இப்போது முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது. நல்ல பெயராவது எடுப்போம் என்று யாரும் சொல்லாமலே முகாம் முழுக்கப் பெருக்குகிறேன், எல்லார் பூட்ஸையும் துடைக்கிறேன், அடுத்தவர் காவலையும் நானே நிற்கிறேன்.

வேலை போனால்கூடப் போகட்டும். நான் எழுதியதால் இங்கிருப்பவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் மாமா? பயமாக இருக்கிறது. இருபது வருடமாக எழுதுகிறீர்கள், நிலையத்தில் உங்களைத் தெரியும். என் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். இதையும் டிரைவரிடம்தான் கொடுக்கிறேன். இங்கே நம்பக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான்.

அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். ஞாயிறுக்குள் ஏதாவது செய்யுங்கள்.

உங்கள்
அக்கா மகன்

பி.கு. (வேறு கையெழுத்தில்): ஐயா, நான் இந்த முகாமின் அதிகாரி. இங்கிருந்து போகும் எந்தக் கடிதமும் நான் படிக்காமல் மலை இறங்காது. டிரைவர் நேராக என்னிடம்தான் கொடுப்பார். உங்கள் மருமகனின் அறிக்கை முதல் நாளிலிருந்து என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. என்ன தண்டனை தருவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். மாதக் கடைசியில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை நீங்கள் பதில் எழுதினாலும் அவர் கைக்குப் போகாது. முகாம் இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.