ஆறு மணித்தியாலம் தள்ளிப்போன முகூர்த்தம்

அடம்பிடித்துச் செய்த எதையும் நான் உருப்படியாகச் செய்ததில்லை. அக்காவின் கலியாணம் அதற்குச் சாட்சி.

அப்போது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வகுப்பில் C நிரல்மொழி படித்து மூன்று மாதம். (உலகம் எனக்காகக் காத்திருப்பதாக நினைப்பு.) மண்டபத்துத் திரையில், முகூர்த்தத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று காட்ட நானே நிரல் எழுதுவதாக அறிவித்தேன்.

“டேய், போனிலயே ஆயிரம் ஆப் கிடக்குது. ஒண்டைப் போட்டுவிடன்” என்றாள் அக்கா.

“ஏலாது. நான் C-யிலதான் எழுதுவன்.”

எழுதினேன். வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது விநாடிகள் அழகாகக் குறைந்தன. அதற்குமேல் நான் எதையும் சரிபார்க்கவில்லை.

பத்து இருபதுக்கு முகூர்த்தம். ஒன்பது ஐம்பதுக்கு மேளகாரர்களின் தலைவர் என்னிடம் வந்தார்.

“தம்பி, முகூர்த்தத்தைப் பின்னேரத்துக்கு மாத்திப்போட்டினமோ? ஆறு மணித்தியாலம் எண்டு காட்டுது.”

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “திரையில கிடக்கிறதுதான் சரி அண்ணை. கொம்பியூட்டர் பிழை விடாது.”

“அப்ப நாங்கள் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாறம்” என்று முழுக் குழுவும் காலி வீதிக் கடையொன்றுக்கு இறங்கிவிட்டது.

ஐயர் திரையை நம்பவில்லை. அவரிடம் கைக்கடிகாரம் இருந்தது. (அது நான் செய்ததல்ல.) சரியாகப் பத்து இருபதுக்குத் தாலியை அத்தானிடம் நீட்டிவிட்டு, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கையை உயர்த்தினார்.

மேளகாரர்களின் இடம் வெறுமையாகக் கிடந்தது. எங்கோ ஒரு குழந்தை தும்மியது.

அப்போதுதான் நான் திரையைப் பார்த்தேன். முகூர்த்தத்துக்கு இன்னும் ஐந்தரை மணித்தியாலம் என்றது. C-யில் இலங்கை நேரத்தைத் தருவது localtime என்ற கட்டளை. நான் போட்டிருந்தது gmtime. அது ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும் கிரீன்விச் நேரத்தைத் தரும். அக்காவின் முகூர்த்தத்துக்கு நான் லண்டனில் மணி பார்த்திருக்கிறேன்!

அத்தானின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றது. அக்கா குனிந்த தலையோடு என்னை முறைத்தாள். விடுவதா? பூத்தட்டுக்கள் நடுவே கிடந்த எவர்சில்வர் தாம்பாளத்தைத் தூக்கினேன். சந்தனக் கும்பாவால் அடித்தேன், அடித்தேன், மூன்று முடிச்சும் விழும்வரை அடித்தேன். வீடியோவில் இன்றைக்கும் அந்தச் சத்தம், பாத்திரக்கடை சரிந்ததுபோல் கேட்கிறது.

நாலு வருடம் கழித்து எனக்குக் கலியாணம். அழைப்பிதழ் அச்சடிக்கும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள். அழைப்பிதழ்க் கட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். முகூர்த்த நேரத்துக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், தங்க எழுத்தில்: ‘கொழும்பு நேரப்படி’.