மருந்தக் குடிச்ச மாப்பிள்ளை

மருந்தைக் குடிப்பதற்கு முன்னால் பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். நான் குடித்து முடித்துவிட்டுப் படித்தவன். அதனால்தான் பந்தல்குடிப் பக்கம் எனக்கு இன்னும் மவுசு.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பந்தல்குடியில் பெண் பேசினார்கள். அருப்புக்கோட்டையில் அப்பாவின் பருத்தி மண்டியில் நான் வேலை பார்த்ததைவிடக் காரச்சேவு தின்றதே அதிகம். நெஞ்செரிச்சல் கூடப்பிறந்த தம்பி மாதிரி கூடவே திரியும். அதற்கு மருந்துக்கடையில் வெள்ளையாக ஒரு பாட்டில் தருவார்கள். பெப்பர்மிண்ட் வாசனை, இனிப்பு வேறு. (இனிப்பது எதுவும் கெடுதல் செய்யாது என்பது என் அன்றைய வைத்திய ஞானம்.)

நிச்சயத்தன்று பெண்வீட்டு வடையை ஒரு கை பார்த்ததில் நெஞ்சுக்குள் அடுப்பு பற்றிக்கொண்டது. கொல்லைப்பக்கம் போய்ப் பாட்டிலை அப்படியே வாயில் கவிழ்த்தேன். பாதிக்கு மேல் காலி. ஜில்லென்று இருந்த தெம்பில் சீட்டைப் படித்தேன். அளவுக்கு மேல் சாப்பிடக் கூடாது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. தமிழில் இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பந்தலுக்கு ஓடிவந்து தாய்மாமன் கையைப் பிடித்துக் கத்தினேன்:

"மாமா, மருந்தக் குடிச்சிட்டேன் மாமா!"

பருத்திக்காட்டில் பூச்சிக்கு அடிப்பதற்கும் எங்களுக்கு மருந்து என்றுதான் பெயர். ஒருவன் மருந்தைக் குடித்துவிட்டான் என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். போதாததற்கு வாயோரம் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"ஏலே, என்ன காரியம்லே பண்ணிட்ட!"

"இல்ல மாமா, நெஞ்சு எரிச்சல்..."

"மருந்தக் குடிச்சா எரியாம குளுருமாலே?"

தாம்பூலத் தட்டோடு நின்ற பெண்ணின் அப்பா அழுதேவிட்டார். "எம்மகளப் பிடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே பஸ்ஸு ஏத்தி விட்டுருப்பேனே!"

தூத்துக்குடியிலிருந்து வந்த உப்பு லாரியை மறித்து, மூட்டைமேல் என்னைப் படுக்கப் போட்டார்கள். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம், "பெனாத்துறான், பிடிங்கப்பா" என்றார் மாமா.

அருப்புக்கோட்டை டாக்டர் என் வாயை மோந்து பார்த்தார். பையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தார்.

"பெப்பர்மிண்ட் வாடையில எவன்யா பூச்சி மருந்து விக்கான்?"

அப்புறம் எனக்குத் திட்டு விழுந்தது. "மூடி எதுக்குய்யா இருக்கு? குலுக்கி, அளந்து, சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கணும். வேற மாத்திர தின்னா, இதுக்கும் அதுக்கும் எடவெளி விடணும். எரிச்சல் ரெண்டு வாரத்துக்கு மேல நின்னா கடைக்குப் போகாத, எங்கிட்ட வா. நெஞ்ச அடச்சு, வேர்த்து, கைப்பக்கம் வலி எறங்குனா இந்தப் பாட்டிலத் தொடவே கூடாது, ஓடியாரணும்."

"இப்ப என்னாகும் சார்?"

"வயித்தால போகும். லாரில மட்டும் ஏறிராத."

லாரியில் கூடவே வந்திருந்த பெண்ணின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுறோம்" என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். சம்பந்தம் அவ்வளவுதான் என்று எங்கள் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் பெண்ணின் அண்ணன் வந்தார். நான் டாக்டர் வாக்குப்படி கொல்லைப்புறத்துக் கழிப்பறையில் இருந்தேன். அவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டார்:

"தங்கச்சி ஒண்ணே ஒண்ணுதான் கேக்கச் சொல்லுச்சு. 'நெஞ்செரிச்சலுக்குக் குடிச்சாகளா, என்னப் பாத்த எரிச்சலுக்குக் குடிச்சாகளா?'"

"வடை எரிச்சல்ங்க! சத்தியமா வடை எரிச்சல்!" என்று உள்ளிருந்தே அலறினேன்.

அதைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

இன்றும் நான் வீட்டில் லேசாக முகத்தைச் சுளித்தால் போதும், மூடியில் அளந்த மருந்தோடு வந்து நிற்கிறாள், விருந்தாளிகள் இருந்தாலும்.

"எந்த எரிச்சலுன்னு சொல்லிட்டுக் குடிங்க. எங்க அண்ணன் கதவுக்கு வெளிய நிக்காக."