சுருட்டுக் கணினி ஹேங் ஆனது

டொக்... டொக்... டொக்.

பகலில் தூங்குகிறவனுக்குக் காதுதான் கண். போர்வைக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எங்கள் மூணு மா வயல் வரப்பில் யாரோ முளை அடிக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, எஞ்சினியர் அமிர்தலிங்கம்தான். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாரே, என்ன மனுஷன்!

போர்வைக்குள்ளேயே ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். இன்று முதல் இந்தக் கண்ணுசாமி யாருக்கும் பயப்படப் போவதில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பெண்டாட்டி ஊரில் இல்லாத வீட்டில் எந்தத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நெல் கொள்முதல் நிலையத்தில் ராக்காவல். மூட்டைகள் தூங்கும், நான் விழித்திருப்பேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுவிட்டது. படிக்கிற புத்தி நிற்கவில்லை. கையில் செல்போன் இருக்கிறது, உலகமே அதற்குள் இருக்கிறது, பேச்சுத் துணைக்குத்தான் ஆள் கிடையாது. அப்படி ஒரு காவலில்தான் வருங்காலக் கம்ப்யூட்டர்களின் படங்களைப் பார்த்தேன். எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ, இன்னும் பிறக்காத கணினிகளுக்கு ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்று விசிறி மாதிரி விரிகிறது. ஒன்று வளையல் மாதிரி கையில் ஏறுகிறது. ஒன்று வெயிலைக் குடித்தே உயிர் வாழ்கிறது. இதில் ஒன்றைக்கூட இன்னும் யாரும் செய்யவில்லையாம். வெறும் யோசனைதானாம்!

எனக்கு உடம்பெல்லாம் ஷாக். வெறும் யோசனைக்கு இவ்வளவு மரியாதையா? இத்தனை வருஷமாக என்னிடம் இருப்பதும் அது ஒன்றுதானே!

என் யோசனை இதுதான். பாய் மாதிரி சுருட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற கணினி. வயலுக்குப் போனால் வரப்பில் விரிக்கலாம். மழை வந்தால் தலைக்குப் பிடிக்கலாம். மாதிரி ஒன்று செய்தும் முடித்தேன். கட்சி மாநாட்டுக்கு வைத்த பிளெக்ஸ் தட்டி ஒன்று, மாநாடு முடிந்ததும் நெல் மூட்டைக்குப் போர்த்த எங்கள் நிலையத்துக்கு வந்திருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெள்ளை முதுகில் பெயின்டால் திரை வரைந்தேன். திரைக்குக் கீழே வரிசையாகப் பொத்தான்கள். இரண்டு ஓரத்திலும் மூங்கில். மறுபக்கத்தில் தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இருக்கட்டுமே, அரசாங்கம் தருகிற இலவச மடிக்கணினிக்கும் மூடியில் படம் உண்டுதானே?

அம்சம் வந்து பார்த்தாள். என் பெண்டாட்டி. இடுப்பில் கை வைத்தாள்.

“என்னங்க இது?”

“சுருட்டுக் கணினி.”

“சுருட்டா? அந்த நாத்தம் வேற வீட்டுக்குள்ள வருதா?”

“அந்தச் சுருட்டு இல்ல அம்சம். சுருட்டுறது.”

“மெதுவாப் பேசுங்க. கட்சிக்காரங்க காதுல விழுந்தா, சுருட்டுறது எங்க தொழிலாச்சேன்னு சண்டைக்கு வந்துடுவாங்க.”

“அரசாங்கம் குடுக்கிற மடிக்கணினி பாதிதான் மடியுது. இது முழுசா...”

“பொண்ணுக்குக் குடுத்த மடிக்கணினியை உள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறேன்னு கழட்டுனீங்களே, அது இன்னும் முறத்துல கிடக்கு. கணினியை அப்புறம் மடிக்கலாம். எந்திரிச்சா முதல்ல போர்வையை மடிங்க.”

வருங்காலத்துக்கு எங்கள் வீட்டில் கிடைத்த வரவேற்பு இவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் அமிர்தலிங்கம் வந்து சேர்ந்தார். பூமிக்கு அடியில் எரிவாயுக் குழாய் பதிக்க ஒரு கம்பெனி எங்கள் பக்கம் அளந்துகொண்டிருந்தது. குழாய் போகிற வழி எங்கள் மூணு மா வயலுக்கு நடுவே. பட்டா அம்சத்தின் பேரில். அவள் ஊர்ப் பெண்களோடு போராட்டப் பந்தலில் போய் உட்கார்ந்துகொண்டாள். சமாதானம் பேச வந்த தாசில்தாரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“எங்கம்மா இதே வயல்ல அடுத்தவனுக்கு நட்டா. நான் எனக்கு நடுறேன். குழாய் வந்தா எதைய்யா நடுறது, கல்லையா?”

தாசில்தார் ஜீப்பில் ஏறிவிட்டார்.

எஞ்சினியர் கெட்டிக்காரர். அம்சம் பந்தலுக்குப் போயிருந்தபோது, குடிக்கத் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்தார். சுவரில் சாய்ந்திருந்த என் கணினியைப் பார்த்தார். செம்பு வாயருகிலேயே நின்றது.

“சார், இதை நீங்களா செஞ்சீங்க?”

சார்! என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

“இது இருக்க வேண்டிய இடமே வேற சார். பம்பாய்ல எங்க ஹெட் ஆபீஸ் இருக்கு. நானே எடுத்துட்டுப் போய்க் காட்டுறேன். நீங்க ஒரு சின்ன ஒத்தாசை பண்ணணும். அம்மா ஊர்ல இல்லாத அன்னிக்கு நாங்க வந்து அளந்துக்கிறோம். வீட்டு ஆம்பளை நீங்க பக்கத்துல நின்னாப் போதும். வாயே திறக்க வேண்டாம்.”

வாய் திறக்காமல் நிற்பது. தாலி கட்டிய நாளிலிருந்து எனக்கு அதில்தானே பயிற்சி!

மனசு உறுத்தாமல் இல்லை. குழாய் மண்ணுக்கு அடியில்தானே போகிறது, மேலே நட்டுக்கொள்ளலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அந்தச் சமாதானத்தை நானே நம்பவில்லை. ஆனாலும் பம்பாய் என்ற சொல் நாக்கில் சர்க்கரைப் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டது. இன்று சீர்காழியில் பெரிய ஆர்ப்பாட்டம். அம்சம் வேன் ஏறிப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுப் பூவம்மாள் என்னை எழுப்பியே சொன்னாள். உடனே எஞ்சினியருக்குப் போன் போட்டேன். மறுபடி படுத்தேன். டொக் டொக் கேட்டது.

எழுந்தேன். வேட்டியை உதறிக் கட்டினேன். கணினியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பினேன். சுவர் இருந்தது. கணினி இல்லை.

முதல் ஷாக். ஓடினேன்.

வாய்க்கால் பாலத்தில் ஏறினதும் இரண்டாவது ஷாக். வயலில் எஞ்சினியரும் இல்லை, கருவியும் இல்லை. வரப்பின் குறுக்கே, போன வாரம் அளவுக்காரர்கள் சிவப்புப் பெயின்டால் அடையாளம் வைத்த அதே இடத்தில், என் கணினி விரிந்து நின்றது. ரோட்டைப் பார்த்துத் தலைவர் கைகூப்பிச் சிரித்தார். மூங்கிலை மண்ணில் இறக்கிக் கொட்டாப்புளியால் அடித்துக்கொண்டிருந்தது சாட்சாத் அம்சம்.

“நீ... நீ வேன்ல போகலையா?”

“வேன் போச்சு. நான் போகல.”

“பூவம்மா சொன்னாளே!”

“சொல்லச் சொன்னேன். சொன்னா.”

பூவம்மாளும் இன்னும் பத்துப் பதினைந்து பெண்களும் நாற்றங்கால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சினிமாக் கொட்டகையில் பெஞ்சு டிக்கெட் எடுத்தவர்களைப் போல என்னைப் பார்த்தார்கள். திரும்பி ஓடிவிடலாம் என்று நினைத்தேன். கம்பெனி ஜீப் வந்து நின்றது.

எஞ்சினியர் இறங்கினார். அவருடைய ஆள் மருதையன் முக்காலியை ஊன்றிக் கருவியை மாட்டினான். எஞ்சினியர் கண்ணை வைத்தார். எடுத்தார். துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நேர்க்கோட்டில் தலைவரின் பல்தான் தெரிந்திருக்கும்.

“மருதையா, அந்தத் தட்டியைப் பிடுங்கிப் போடு.”

மருதையன் ஓரடி பின்னால் போனான். “தலைவர் படங்க. நான் கையை வச்சா, அவங்க என் மேல கையை வப்பாங்க. நான் உள்ளூர்ல குடியிருக்கணும்ல?”

“யாரும்மா இங்க கட்சித் தட்டி வச்சது?”

“தட்டி இல்லீங்க, கணினி,” என்றாள் அம்சம். “எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சது. நீங்ககூட நல்லாருக்குன்னு சொன்னீங்களாமே?”

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன்.

“கணினின்னா வேலை செய்யணுமே. செய்யுதா?”

“தொங்குதே, தெரியலையா? ஹேங் ஆயிருக்கு.”

நாற்றங்கால் சிரித்தது. எஞ்சினியருக்கு முகம் சிவந்தது. அம்சம் கொட்டாப்புளியைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சண்டையே வேண்டாம் சார். செஞ்ச ஆளு இந்தா நிக்கிறாரு. இது வெறும் தட்டின்னு அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். நானே சுருட்டித் தர்றேன். நீங்க தாராளமா அளந்துக்குங்க.”

மூன்றாவது ஷாக். இதுதான் ஹை வோல்டேஜ். மூணு மா வயலையும் தூக்கி என் நாக்கு நுனியில் வைத்துவிட்டாள்! பூவம்மாள் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது.

“சொல்லுய்யா,” என்றார் எஞ்சினியர். சார் போய்விட்டது.

“பம்பாய் ஹெட் ஆபீஸ்னு...” என்று இழுத்தேன்.

“அட, இதைக் கொண்டுபோய்க் காட்டினா என் சீட்டையே கிழிச்சுடுவான்யா. ஒரு பேச்சுக்குச் சொன்னது. நாலு குச்சி, ஒரு டப்பா பெயின்ட். வெறும் பிளெக்ஸ்னு சொல்லிட்டு ஒதுங்கி நில்லு.”

வெறும். அந்தச் சொல் மட்டும் எனக்குள் போய் எதிலோ இடித்தது. விசிறிக் கணினி வரைந்தவனிடம் போய்ச் சொல்வானா இப்படி? வளையல்காரனிடம் சொல்வானா?

“கணினி,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“சத்தமாச் சொல்லுங்க,” என்றாள் அம்சம்.

“கணினி! சுருட்டுக் கணினி! முதுகு தலைவரோடது, முகம் என்னோடது! எவனாவது தொட்டா கேஸ் போடுவேன்!”

பெண்கள் குலவையிட்டார்கள். என் வாழ்க்கையில் எனக்கு விழுந்த முதல் குலவை. முக்காலி மடிந்தது. ஜீப் பின்னோக்கிப் போயிற்று. எஞ்சினியரை விரட்டினேனா, பம்பாயை விரட்டினேனா என்று பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்சம் சோறு போட்டாள். அப்பளம்கூட இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு கட்டு முருங்கைக்கீரையை முன்னால் போட்டாள். உருவிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினேன்.

“அம்சம், எஞ்சினியர் வர்றது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“பகல்ல படுத்தா நீங்க பேசுவீங்க.”

“தூக்கத்துலயா! என்னென்ன பேசினேன்?”

“பம்பாய், அமிர்தலிங்கம், ‘நான் வாயே திறக்க மாட்டேன் சார்’ வரைக்கும்.”

மிச்சம் இருந்த ஷாக்கும் வந்து சேர்ந்தது. கையில் இருந்த கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

“ஏன் அம்சம், நீயாவது நம்புறியா, என் கணினியை?”

“எனக்கு எதுக்குங்க அது? எங்கிட்டதான் ஒண்ணு இருக்கே. பொத்தான் வேண்டாம், கரண்டு வேண்டாம். படுக்கப் போட்டாப் போதும், உள்ள இருக்கிறது எல்லாம் தானா வெளிய வந்துடும்.”

விட்ட கொத்தை எடுத்துக் கீரையை உருவ ஆரம்பித்தேன்.