களிம்பைக் காப்பாற்றியவன்

அழுக்கைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உங்களிடம் யாராவது எதையாவது கொடுத்திருக்கிறார்களா? என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்தவர் சொன்ன விதத்தில்தான் குற்றம் என்று இன்றும் சொல்வேன். (வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.)

என் மனைவி செல்வியின் அண்ணன் தணிகாசலம், சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். நிலக்கரி போகும் பெல்ட்டுக்கு அடியில் சேறும் கரியும் அள்ளிச் சுத்தம் செய்வது என் வேலை. படிப்பு ஐந்தாவது. யார் எது சொன்னாலும் "சரிங்க" என்பேன். திருப்பிக் கேட்கக் கூச்சம்.

மச்சான் முப்பது வருடமாகப் பழைய செப்புக் காசு சேர்க்கிறார். டவுன்ஷிப் மண்டபத்தில் ஒரு கண்காட்சி வந்தது. முதல்முறையாக அவருக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டி வந்ததால், காசுப் பையை பக்கத்தில் வடக்குத்து கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அதுவரை ஒரு குடையைக்கூட என்னை நம்பிக் கொடுக்காதவர்!

அன்று மாலை போன் செய்தார்.

"மாப்ள, மத்தது எப்படி இருந்தாலும் பரவால்ல. களிம்பு மட்டும் போயிடக்கூடாது. அதுதான் முக்கியம்."

"சரிங்க."

பையைத் திறந்தேன். காசு டப்பாவோடு முட்டிவலிக்குத் தடவும் களிம்பு டியூப் ஒன்று, மூடி லூசாகக் கிடந்தது. செம்பில் பிடிக்கும் பச்சையை எங்கள் வீட்டில் பாசி என்போம். களிம்பு என்றால் எங்களுக்கு டியூபில் வருவதுதான். மனுஷனுக்கு எவ்வளவு வலி இருந்தால் போன் போட்டுச் சொல்வார்! மூடியை இறுக்கி, பாலிதீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, பீரோவில் செல்வியின் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்தேன்.

பிறகு காசுகளைப் பார்த்தேன். ஒன்றிலாவது முகம் தெரிய வேண்டுமே! நாலு பேர் வரும் இடத்தில் இப்படியா வைப்பது? புளி, தெர்மல் மின்நிலையத்துச் சாம்பல், தேங்காய் நார். ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன்.

செல்வி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, எங்கண்ணன் கிட்ட ஒரு வார்த்த கேக்காம தேச்சிகினு இருக்கீங்க?"

"பாத்து அசந்துடுவாரு, போ."

அசந்துதான் போனார். கண்காட்சி அன்று மண்டபத்தில் டப்பாவைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து மேசைக்காரர் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தவர். எட்டிப் பார்த்து, "இன்னா சார், இதெல்லாம் போன வாரம் அடிச்சதா?" என்றார்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "களிம்பு எங்க மாப்ள?"

சட்டைப் பையிலிருந்து டியூபை எடுத்து நீட்டினேன். "ஒரு சொட்டுகூட போவலைங்க."

அவர் டியூபைப் பார்த்தார். காசுகளைப் பார்த்தார். டப்பாவை மூடினார். வேட்டியை முட்டிவரை ஏற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, களிம்பை எடுத்துத் தடவ ஆரம்பித்தார். அந்த மேசை சாயங்காலம் வரை காலியாகவே கிடந்தது. "எரநூறு வருஷத்துப் பச்சை, மாப்ள. இனிமே வராது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பாவம்தான். அதற்காக நியாயம் இல்லாமல் போகுமா? இருபது வருடமாக மேஸ்திரி என்னைச் "சுத்தமா இல்ல" என்று விரட்டுகிறார். சுத்தமாக இருக்கிறது என்று நான் குற்றவாளி ஆனது அன்று ஒரு நாள்தான். அழுக்குக்குத்தான் மதிப்பு என்றால் என் யூனிஃபாரத்தை அல்லவா அந்த மேசையில் விரித்திருக்க வேண்டும்? "பாசியைத் தேய்க்காதே" என்று சொல்ல வாய் வலித்ததா?

இதையெல்லாம் வீட்டில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஷிப்ட் முடிந்து தலை முதல் கால் வரை கரியோடு வந்தால், என் மகள் பாத்ரூம் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அப்பா, குளிச்சிடாதீங்க. மதிப்பு போயிடும்னு மாமா சொல்றாரு."

அந்தக் கோபத்தில் நான் இரண்டு முறை சோப்புப் போடுகிறேன்.