அரைவயிறு அண்ணனும் நாற்பது பேட்டரிகளும்

இந்த உலகத்தில் பேட்டரிக்குப் பத்தியம் பார்த்த மனிதர் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் ஓசூரில், எங்கள் கம்பெனியில், ஸ்டோருக்குப் பக்கத்து ரூமில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு பேர். கேட் செக்யூரிட்டியிலிருந்து கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் அவர் 'அரைவயிறு'. எங்களுக்கு 'அரைவயிறு அண்ணன்'.

பேர் வந்த கதை இதுதான். ரெண்டு நாள் லீவு என்றால், பேட்டரிகளை முழுக்க சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லுவார் ஷிப்ட் இன்சார்ஜ். அண்ணன் பாதியில் பிடுங்கிவிடுவார். "சும்மா கெடக்கறதுக்கு எதுக்கு சார் முழு வயிறு? அரை வயிறா இருந்தாத்தான் கெடாம இருக்கும்." லித்தியம் பேட்டரிக்கு அது சரியான வழிதான். ஆனால் அண்ணன் அதை மனுஷனுக்கும் சட்டமாக்கினார். கல்யாணப் பந்தியில் ரசத்தோடு எழுந்துவிடுவார். அதுகூடப் பரவாயில்லை, பக்கத்து இலைக்காரரையும் கையைப் பிடித்து எழுப்பப் பார்ப்பார்.

கார் பாகங்களுக்கு ஸ்க்ரூ முடுக்க, ஒயர் இல்லாத ஸ்க்ரூ கன் எங்கள் லைனுக்கு வந்த சமயம் அது. பிடிக்கு அடியில் சோப்பு டப்பா அளவில் லித்தியம் பேட்டரி. மொத்தம் நாற்பது. அதற்கு முன்னால் இருந்த பழைய ரக பேட்டரியைச் சொட்டு மிச்சமில்லாமல் காலி பண்ணிவிட்டுத்தான் சார்ஜ் போடவேண்டும் என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். புதுசுக்கும் அதையே செய்தோம். கன் முக்கி முனகி நிற்கிற வரைக்கும் ஓட்டி, சுடச்சுடக் கொண்டுபோய்ச் சார்ஜரில் செருகப் போவோம்.

அண்ணன் வாசலிலேயே மறிப்பார்.

"தொட்டுப் பாருடா. சுடுதா?"

"சுடுதுண்ணே."

"வெயில்ல ஓடியாந்த கொழந்த வாயில உடனே சோத்தைத் திணிப்பியா? அந்தப் பலகையில வை, ஆறட்டும். அதோ, ஆறி சார்ஜ் ஆனது இருக்கு, அதை எடுத்துட்டுப் போ. இன்னொரு வாட்டி இப்பிடி உயிர் போற வரைக்கும் ஓட்டினே, கன்னே தரமாட்டேன்."

பழைய சார்ஜர்களைப் பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். யாராவது மாற்றிச் செருகிவிடுவார்களாம். சார்ஜ் ஏறும்போது ரூமை விட்டு நகரமாட்டார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களிடம் தமிழ். பேட்டரியிடம் மூன்றும் பேசுவார்.

ஒரு தடவை சேலத்து பிட்டர் ஒருத்தர், ஸ்க்ரூ கிடந்த பேன்ட் பாக்கெட்டிலேயே பேட்டரியையும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் லைனுக்கு நடுவில் நிறுத்தி, பாக்கெட்டை வெளியே இழுத்து உதறினார். "இரும்பு போயி ரெண்டு தகட்டையும் ஒண்ணா தொட்டுச்சுன்னா நெருப்புப்பா! பேன்ட்டு போவும். பேன்ட்டோட நிக்கும்னு என்னால சொல்ல முடியாது." அன்று முதல் அந்த பிட்டர் பேட்டரியைப் பிரசாதம் மாதிரி ரெண்டு கையிலும் ஏந்தித்தான் நடந்தார்.

நான் விருதுநகர்ப் பக்கம். அப்போது கான்ட்ராக்டில் இருந்தேன். நாளையிலிருந்து வராதே என்று எந்த மாதமும் சொல்லிவிடக்கூடிய வேலை. அதை நம்பிக் குடும்பத்தை எப்படிக் கூட்டிவருவது? பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரட்டும் என்று மனைவி செல்வியையும் மூன்று வயது மகளையும் மாமனார் வீட்டில் விட்டிருந்தேன். நேரில் போனால் மகள் செல்வியின் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். போனில் பேசினால் முத்தம் கொடுப்பாள். அவளுக்கு நான் 'போனப்பா'.

அதனால் என் செல்போன் எப்போதும் தலையணைக்கு அடியில், சார்ஜிலேயே இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து ஒரு பகல் படுத்திருந்தபோது அண்ணன் என் ரூமுக்கு வந்தார். வந்தவர் முதலில் பிடுங்கியது சார்ஜரை.

"தலைக்கடியில அடுப்பு மூட்டிட்டுப் படுப்பியா? சூடு போவ வழி வேணாமா? வெறுந்தரையில வைடா."

"பிள்ளை கூப்பிடும்ணே."

"கூப்பிடும்போது எடுத்துப் பேச அப்பன் வேணுமில்ல?"

போனை எடுத்து வெறுந்தரையில் வைத்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்து ரெண்டு நாள் லீவு. லீவு முடிந்து வரும் நாளில்தான் பர்மனென்ட் லிஸ்டில் இன்சார்ஜ் கையெழுத்துப் போடுவார், என் பேரும் அதில் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் முந்தின நாளே ஊருக்குக் கிளம்பினார். சாமி காரியம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் ரூம் சாவியை என்னிடம் கொடுத்தார். "எல்லாம் அரை வயித்துல இருக்குது. கூட்டித் தொடைச்சு பூசை பண்ணிக்க. சார்ஜ் மட்டும் போட்றாத." நூறு சட்டம் வைத்திருந்த மனிதர், சந்தனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

எந்த இயந்திரமும் சாமிதான் என்று நம்புகிறவன் நான். ஒவ்வொரு பேட்டரியாகக் கையில் எடுத்து, நெற்றி எது என்று திருப்பித் திருப்பித் தேடினேன். பளபளவென்று ரெண்டு தகடு இருந்தது. அதுதான் முகம் மாதிரி தெரிந்தது. குழைத்த சந்தனத்தை அங்கேயே மனசாரப் பூசி, குங்குமம் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை என்னிடம் சாவியை வாங்கிப் போய் அண்ணன் ரூமைத் திறந்ததும் ஒரு சத்தம் கேட்டது. ஓடினேன்.

"யார்றா இது?"

"நான்தாண்ணே. நெத்தின்னு நெனச்சு…"

"நெத்தியா? கரண்டு போற வாய்டா அது! வாய்ல போயி சேறு பூசி வெச்சிருக்கே! ஒண்ணையும் சார்ஜ்ல போடாத."

லைன் நின்றது. பெங்களூரு பஸ்ஸில் அப்போதுதான் வந்து இறங்கிய இன்சார்ஜ் நேராக ரூமுக்கு வந்தார். "ஏன்ரீ இது? என்ன இது? யார் வேலை?" அவர் சட்டைப் பையில் மடித்த காகிதமும் பேனாவும் தெரிந்தன.

அண்ணன் எப்படியும் என்னைக் காப்பாற்றிவிடுவார் என்று நினைத்தேன்.

"இவன்தான் சார்," என்றார் அண்ணன். "பேட்டரி பத்தி இவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

செல்வியிடம் என்ன சொல்வேன்?

அண்ணன் விடவில்லை. "முப்பத்தொம்பதுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கடா?"

ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். சிமென்ட் தரையில், செங்கல் மேல் ஒரு பேட்டரி. மேலே வாடிய சாமந்தி.

"பிள்ளையார் பிடிக்க மஞ்சள் இல்லண்ணே. இது ஒண்ணு மட்டும் தொந்தி மாதிரி உப்பியிருந்துச்சு. அதான் தனியா உக்கார வச்சேன்."

அண்ணன் முகம் வெளுத்தது. "கற்பூரம் காட்டினியா?"

"இல்லண்ணே. நெருப்பு கூடாதுன்னு நீங்கதான போர்டு வச்சிருக்கீங்க? பூ மட்டும்தான்."

அண்ணன் இன்சார்ஜ் பக்கம் திரும்பினார்.

"சார், இப்பிடி உப்பினதை சார்ஜ்ல போட்டா தீப்பிடிக்கும். லைன்ல அத்தனை பேரு கையிலயும் தெனம் இது போயி வருது. ஒருத்தருக்கும் தெரியல. என் கண்ணுக்கும் தப்பிடுச்சு. ஒண்ணும் தெரியாத இவன் ஒவ்வொண்ணா பார்த்து, இது வேறன்னு தனியா வெச்சிருக்கான். ரெண்டாவது ஷிப்டுக்கு ஆள் கேட்டுட்டே இருக்கேன். இவனைக் குடுங்க. சந்தனம் பூசக் கூடாதுங்கறதை ஒரு நிமிஷத்துல கத்துக்குவான்."

இன்சார்ஜ் செங்கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிள்ளையாரா?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நானும் அண்ணனும் காய்ந்த டூத் பிரஷ்ஷால் முப்பத்தொன்பதுக்கும் பல் விளக்கினோம். உப்பியதை மணல் வாளியில் வைத்து வெளியே அனுப்பினோம். பத்து மணிக்கு லைன் ஓடியது. மத்தியானம் லிஸ்ட் ஒட்டினார்கள். என் பேருக்கு நேரே 'பேட்டரி ரூம்' என்று பேனாவால் எழுதியிருந்தது.

தை மாதம் செல்வியும் மகளும் வந்தார்கள். போனப்பா வெறும் அப்பாவாக ஒரு வாரம் பிடித்தது.

அண்ணன் ரிடையர் ஆகித் தன் ஊர்ப்பக்கம் போய் வெகு வருஷமாகிறது. திங்கட்கிழமைகளில் மலைக்கோயிலுக்குப் போகிறேன். குருக்கள் அர்ச்சனைக்குப் பேர் கேட்பார். செல்வி, மகள் என்று சொல்லி, அண்ணனின் நிஜப் பேரையும் சொல்லுவேன். நட்சத்திரம் கேட்பார். அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என் நட்சத்திரத்தையே அவருக்கும் சொல்லிவிடுகிறேன்.