சாட்சிக்கு ஒரு மொபெட்

"அப்ப உயில்ல எனக்கு ஒண்ணுமில்லேங்கற?" சென்னகிருஷ்ணன் பேனாவை மூடி, ஆரோக்கியநாதனின் சட்டைப் பையிலேயே செருகினான்.

ஒரே ஃபவுண்டரியில், ஒரே உலைக்கு முன்னால் வெந்தவர்கள் இருவரும். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து 'உச்' கொட்டியதிலிருந்து ஆரோக்கியநாதனுக்கு ஒரே கவலை. மூக்கண்டப்பள்ளி வீடு மகள் செல்விக்குப் போக வேண்டும். மகன் மேக்ஸ்வெல் கையில் சிக்கினால், அப்பன் குழியில் மண் காயுமுன்னே பெங்களூர்க்காரனுக்கு விற்று பைக்கும் கேமரா செல்லும் வாங்கிவிடுவான்.

பத்திரம் எழுதுகிறவர் தெளிவாகவே சொல்லியிருந்தார். "நீ கையெழுத்துப் போடறதப் பாத்து ரெண்டு பேரு சாட்சி போடணும். உயில்ல பங்கு வாங்கறவங்க சாட்சி போட்டா அவங்க பங்கு செல்லாது. பட்டாவையும் கொண்டா."

"அது பொண்டாட்டி பொட்டியில கெடக்குதுங்க. அப்புறம் தர்றேன்."

இப்போது சென்னகிருஷ்ணன் மூக்கை உறிஞ்சினான். "நீ குடிச்சிட்டு விழுந்தப்பெல்லாம் தூக்கியாந்தது யாருடா? எனக்கு வெறும் சாட்சியா?"

"அழுவாதடா. என் மொபெட்டு உனக்கு. எழுதிடறேன்."

"அப்ப இப்பவே ஓட்டிப் பழகிக்கறேன்" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினான்.

மொபெட் உயிலில் ஏறியது. சாட்சி இறங்கிக்கொண்டது.

பக்கத்து வீட்டுப் பாப்பம்மா இடுப்பில் கை வைத்தாள். "சென்னனுக்கு மொபெட்டாமே? டபுள் ஷிப்டு முடிச்சு வந்தப்பெல்லாம் களி கிண்டிப் போட்டவளுக்கு நாமமாண்ணா?"

கிரைண்டர் அவள் பேருக்குப் போயிற்று. "ஓடுதான்னு பாத்துட்டுத் தர்றேன்" என்று அவளே உருட்டிக்கொண்டு போனாள்.

செய்தி தெருவுக்குப் பரவியது. சாட்சி கேட்டு இவர் வாயைத் திறக்குமுன்னே ஆட்கள் வீட்டுக்குள் நுழைந்து டிவியின் முதுகைத் தட்டிப் பார்த்தார்கள். மதியத்துக்குள் டிவி, ஃபேன், கட்டில் எல்லாம் உயிலில் ஏறி, வாசலில் இறங்கின. சாட்சிக்கு மட்டும் ஆளில்லை.

கடைசியில் டீக்கடையில் நின்ற இரண்டு லோடுமேன்களைப் பிடித்தார். முன்பின் தெரியாதவர்கள், சண்டை போட உரிமை இல்லாதவர்கள். டீ வாங்கிக் கொடுத்து, அவர்கள் கண் முன்னால் கையெழுத்துப் போட்டு, சாட்சியும் வாங்கிவிட்டார்.

சாயங்காலம் பாகலூர் ரோஜாத் தோட்டத்திலிருந்து மனைவி மரியபுஷ்பம் வந்தபோது, வீட்டில் மாதா படமும் ஒரு பாயும்தான் மிச்சம்.

"புஷ்பம், வீடு செல்விக்குன்னு உயில் எழுதிட்டேன்! பட்டாவ மட்டும் எடு."

அவள் பெட்டியைத் திறந்து பட்டாவை நீட்டினாள். அதில் அவள் பெயர்தான் இருந்தது.

"என்னடி இது? வீட்டக் கட்டினது நானு!"

"கட்டினது நீ. மனை குடுத்தப்ப கவர்மெண்டுல பொம்பளைங்க பேருலதான குடுத்தாங்க? அன்னிக்கு நீ ஓவர்டைம்ல இருந்த."

ஆரோக்கியநாதன் பாயில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப... செல்விக்கு?"

"போன ஈஸ்டருக்கே நான் உயில் எழுதிட்டேன். சென்னண்ணனும் பாப்பம்மாவும்தான் சாட்சி போட்டாங்க, ஆளுக்கு ரெண்டு போண்டாவோட முடிஞ்சுது."